முழங்காலுக்குப் பின்னால்: கருத்தரங்கத் தலைமை உரை



பின்தொடைக்கும் முழங்கால் பின்குழிக்கும் ஒரு முழு நாள் கருத்தரங்கா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஒரு நாள் போதாது என்பதுதான் என் எண்ணம். டிசெக்‌ஷன் கூடத்தில் உடல் மல்லாந்து கிடக்கிறது. முன்தொடையைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கிறோம். உடலைக் குப்புறத் திருப்பும் வேளைக்குத் தேர்வு நெருங்கிவிடுகிறது. பின்தொடை இரண்டு வகுப்பில் முடிந்துபோகிறது. அங்கே தொடங்கும் பழக்கம் வெளிநோயாளர் பிரிவிலும் நம்மை விடுவதில்லை. முழங்கால் வலி என்று வருபவரை ஸ்டூலில் உட்காரவைத்து, முட்டிச்சில்லை அழுத்திப் பார்த்து, மருந்து எழுதி அனுப்பிவிடுகிறோம். ‘திரும்பி நில்லுங்கள் அம்மா’ என்று சொல்பவர்கள் நம்மில் மிகக் குறைவு. அந்த ஒரு சொல்லை இந்தக் கருத்தரங்கு எல்லாருக்கும் பழக்கிவிட வேண்டும் என்பதே என் விருப்பம்.

லால்குடிப் பக்கம் நாற்று நடும் பெண்களை நினைத்துப் பாருங்கள். முழங்காலை ஏறக்குறைய நீட்டியபடி, இடுப்பை மடித்து, சேற்றில் பின்னோக்கி நகர்கிறார்கள். உடலின் மேற்பாதி முன்னால் சரிந்துவிடாமல் பிட்டத் தசையோடு சேர்ந்து இழுத்துப் பிடிப்பவை பின்தொடைத் தசைகள். உட்புறம் செமிடெண்டினோசஸ், செமிமெம்பிரனோசஸ். வெளிப்புறம் பைசெப்ஸ் ஃபெமோரிஸ். இம்மூன்றும் நாம் உட்காரும்போது தரையில் ஊன்றும் இருக்கை எலும்பின் முண்டிலிருந்து புறப்பட்டு, இடுப்பு, முழங்கால் என இரண்டு மூட்டுகளைத் தாண்டி முழங்காலுக்குக் கீழே சென்று பற்றுகின்றன. பைசெப்ஸின் குறுந்தலை மட்டும் தொடை எலும்பிலிருந்தே கிளம்புகிறது. அதற்கு நரம்பும் வேறு கிளையிலிருந்து வருகிறது. இடுப்பை மடித்து முழங்காலை நீட்டினால் இந்தத் தசைகள் இரு முனையிலும் இழுபடும். நாள் முழுக்க அந்த நிலையில் வேலை செய்பவருக்கு, தசை தொடங்கும் அந்த எலும்பு முண்டில் வலி வருவதில் வியப்பில்லை. ‘உட்கார்ந்தா குத்துது, தொடைக்குப் பின்னால இழுக்குது’ என்பார். முண்டுக்குச் சற்று வெளிப்புறமாகத்தான் உடலிலேயே தடித்த நரம்பான சயாட்டிக் நரம்பு இறங்குகிறது. ஆகவே இரண்டு வலியும் ஒன்றுபோலத் தோன்றும். விரலால் முண்டை அழுத்தியும், முழங்காலை மடக்கச் சொல்லி எதிர்த்துப் பிடித்தும் பார்க்காமல் முதுகெலும்புக்கு ஸ்கேன் எழுதுவது அந்தக் கூலித்தொழிலாளிக்கு நாம் செய்யும் அநியாயம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளைத் தோளில் ஏளப்பண்ணும் ஸ்ரீபாதம்தாங்கிகளையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். சிங்க நடை, சர்ப்ப நடை என்று அவர்கள் நடக்கும் அழகை உலகமே சேவிக்கிறது. உடற்கூறியல் ஆசிரியன் அவர்களுடைய முழங்காலின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். வைகுண்ட ஏகாதசி வரிசையில் மணிக்கணக்காக நிற்கும் பக்தருக்கு ஒரு வசதி உண்டு. முழங்கால் முழுதும் நீளும்போது தொடை எலும்பு சற்று உட்புறம் திரும்பி மூட்டு பூட்டிக்கொள்கிறது. தசைக்கு வேலை குறைகிறது. அவர் அடியெடுத்து வைக்க, பாப்லிடியஸ் என்ற சிறு தசை தொடை எலும்பை வெளிப்புறம் திருப்பிப் பூட்டைத் திறக்கிறது. தோளில் பாரம் ஏந்தி, அசைவின் அளவறிந்து, ஒருவரோடொருவர் உயரம் ஒத்து நடப்பவருக்கு அந்தப் பூட்டு உதவாது. மடிந்த முழங்காலோடு பாரம் தாங்கும்போது முன்தொடையும் பின்தொடையும் ஒரே சமயத்தில் இறுகுகின்றன. முன்தொடைத் தசை கீழெலும்பை முன்னே இழுக்கும். பின்தொடைத் தசை அதைப் பின்னே பிடிக்கும். மூட்டுக்குள் இருக்கும் முன் சிலுவை நாரைக் காப்பது இந்த எதிர்ப்பிடிதான். மலைக்கோட்டைப் படியிறங்கி வந்து முட்டி வலிக்கிறது என்பவருக்குப் பின்தொடைப் பயிற்சியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

இனிப் பின்குழி. மேலே பின்தொடைத் தசைகள், கீழே கெண்டைக்கால் தசையின் இரு தலைகள். நடுவே சாய்சதுர வடிவப் பள்ளம். தோலிலிருந்து உள்ளே போகப் போக முதலில் டிபியல் நரம்பு, அடுத்து சிரை, எல்லாவற்றுக்கும் அடியில் எலும்பை ஒட்டித் தமனி. அதனால்தான் அங்கே நாடி பார்ப்பது கடினம். முழங்காலைப் பாதி மடக்கி, மேலுறையைத் தளர்த்தி, இரு கைவிரல்களாலும் அழுத்தித் தேட வேண்டும். மாறாக, நாடி மிக எளிதாக, அகலமாகத் துடித்தால் சந்தேகப்படுங்கள்: தமனி வீங்கியிருக்கலாம். 1785 டிசம்பரில் லண்டனில் ஜான் ஹன்டர் ஒரு வண்டிக்காரருக்கு இத்தகைய வீக்கம் கண்டு, தொடையிலேயே தமனியைக் கட்டிக் காலைக் காப்பாற்றினார். மாற்றுவழிக் கிளைகள் இரத்தத்தைக் கொண்டுபோகும் என்று நம்பியே அவர் அதைச் செய்தார்.

பின்குழித் தமனி இயல்பாகவே மேலும் கீழும் இறுகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. இருசக்கர வாகன விபத்தில் முழங்கால் விலகினால் நடுவில் அது கிழியும். மூட்டு தானே இடத்துக்குத் திரும்பிவிட்டிருந்தாலும் பாதத்து நாடியைப் பாருங்கள். மறுபடியும் மறுபடியும் பாருங்கள். இரத்த ஓட்டத்தை மீட்க ஆறு முதல் எட்டு மணி நேரம்தான் இருக்கிறது. பெரம்பலூரிலிருந்தோ மணப்பாறையிலிருந்தோ வரும் ஆம்புலன்சில் அதில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது. முதலில் பார்க்கும் மருத்துவரின் விரல்தான் அந்தக் காலைக் காக்கிறது.

கடைசியாக, வெளிப்புற நரம்பு. பொதுப் பெரோனியல் நரம்பு பைசெப்ஸின் நாணை ஒட்டி இறங்கி, ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றி, தோலுக்கு நேர் அடியில் ஓடுகிறது. குந்தியிருந்து நெடுநேரம் களை பறிப்பவருக்கு அங்கே நசுங்கலாம். இறுக்கிப் போட்ட மாவுக்கட்டும் நசுக்கும். ‘செருப்பு கழன்று கழன்று போகுது டாக்டர்’ என்று ஒருவர் சொன்னால் அங்கே கை வையுங்கள். நரம்பு கயிறுபோல் தடித்துத் தென்பட்டால் தொழுநோயை நினையுங்கள். அது ஒழிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். விழுந்துபோன பாதத்தை நிமிர்த்த, டிபியாலிஸ் போஸ்டீரியர் தசையின் நாணை இரண்டாகப் பிளந்து முன்னே கொண்டுவந்து பொருத்தும் அறுவை முறையை 1968இல் விவரித்து எழுதியவர், செங்கற்பட்டுத் தொழுநோய் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய நம் டாக்டர் எச்.சீனிவாசன். அந்தப் பெயரை நம் மாணவர்கள் ஹன்டரின் பெயரோடு சேர்த்து அறிய வேண்டும்.

இவற்றையெல்லாம் நோயாளிக்குத் தமிழில் சொல்ல முடியுமா என்று தயங்க வேண்டாம். 1857இலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாய் மருத்துவர் சாமுவேல் கிரீன் உடற்கூற்று நூல் ஒன்றைத் தமிழில் அச்சிட்டிருக்கிறார்.

கட்டுரை படிக்க வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். படத்தைத் திரையில் போடுமுன், மாணவர் ஒருவரை மேடைக்கு அழைத்துத் திரும்பி நிற்கச் சொல்லி, நீங்கள் பேசப்போகும் நாணையோ நரம்பையோ அவர் காலில் விரல்வைத்துக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். காலை அமர்வின் முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.