சர்க்கரை வருவதற்கு முன்பே இடுப்பு சொல்லும் சேதி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஆற்றிய உரை)



முகாமில் ரத்தம் எடுத்துப் பார்ப்போம். "சர்க்கரை இல்லம்மா" என்று சொன்னதும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். அந்த நிம்மதி எல்லோருக்கும் பொருந்தாது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

குழுவில் ஒருத்தர் தவணையை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறார். பாஸ்புக்கைப் பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் அவர் வெளியே வட்டிக்கு வாங்கித்தான் இங்கே கட்டுகிறார் என்றால்? பாஸ்புக் அதைச் சொல்லாது. நம் உடம்பிலும் இதே கதைதான். சாப்பாட்டில் வரும் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது கணையம் சுரக்கும் இன்சுலின். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும்போது உடம்பு இன்சுலினின் பேச்சைக் கேட்க மறுக்கிறது. இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. கணையம் இரண்டு பங்கு, மூன்று பங்கு சுரந்து சமாளிக்கிறது. அதனால் சர்க்கரை அளவு வருஷக்கணக்கில் சரியாகவே தெரியும். கணையம் ஓய்ந்த பிறகுதான் சர்க்கரை ஏறும்.

இதைக் கண்டுபிடிக்கக் கணக்கு ஒன்று உண்டு. வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரையையும் இன்சுலினையும் பெருக்கி 405-ஆல் வகுக்க வேண்டும். இரண்டு பெண்களுக்கும் சர்க்கரை 96 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இன்சுலின் 6, கணக்கு 1.4 வருகிறது. இன்னொருவருக்கு 18, கணக்கு 4.3. பொதுவாக 2.5-ஐத் தாண்டினால் எதிர்ப்பு இருக்கிறது என்போம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இது கொஞ்சம் மாறும். சர்க்கரை ஒன்றுதான், உள்ளே நடப்பது வேறு.

இதற்காக எல்லோரும் தனியார் லேபுக்குப் போய்ப் பணம் கட்ட வேண்டாம். ஐந்து விஷயம் பார்த்தால் போதும். பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ., அதாவது 31½ அங்குலம் அல்லது அதற்கு மேல். ஆணுக்கு 90 செ.மீ. ரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல். மாத்திரை சாப்பிடுபவர்களும் இதில் சேர்த்தி. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 150 அல்லது அதற்கு மேல். நல்ல கொழுப்பான எச்.டி.எல். பெண்ணுக்கு 50-க்குக் கீழ், ஆணுக்கு 40-க்குக் கீழ். இதில் மூன்று இருந்தால் அது மெட்டபாலிக் சிண்ட்ரோம். அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இன்சுலின் எதிர்ப்பும் இருக்கும்.

காசே செலவில்லாத அடையாளம் ஒன்றும் உண்டு. கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி இருக்கும். "ஒழுங்கா தேய்ச்சுக் குளிக்கிறியா?" என்று வயசுப் பெண்ணைத் திட்டுகிறோம். எலுமிச்சம்பழம், கடலைமாவு என்று தோல் எரியத் தேய்க்கிறோம். அது அழுக்கு இல்லை, தாயே! பெரும்பாலும் இன்சுலின் கூடியதன் அடையாளம். அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள், அழைத்து வாருங்கள். நீர்க்கட்டி உள்ளவர்கள், கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்தவர்கள், அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உள்ளவர்கள் கட்டாயம் வர வேண்டும்.

முன்கூட்டியே தெரிந்து என்ன லாபம்? சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தவர்களை 3 ஆண்டு கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பினார்கள்.

"நாள் முழுக்க வேலைதானே செய்றோம், நடை வேற எதுக்கு?" என்று கேட்பீர்கள். அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பது போதாது. மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி தினம் 30 நிமிஷம், வாரம் 5 நாள் நடக்க வேண்டும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, ராத்திரி பத்து மணிக்கு மீந்த சோற்றை வழித்துப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். தட்டில் சோறு குறையட்டும்; காயும் பயறும் கூடட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு வேலை தருகிறேன். தையல் டேப் இல்லாத குழு கிடையாது. விலா எலும்பு முடியும் இடத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபடி, வயிற்றை எக்காமல் அளந்து பாருங்கள். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம். அளவைச் சத்தமாகப் படிக்காதீர்கள், தீர்மான நோட்டில் எழுதாதீர்கள். அவரவர் சீட்டில் அவரவர் எழுதட்டும். யாரும் யாரையும் கேலி செய்யக் கூடாது. 31½-ஐத் தொட்டவர்கள் காலையில் வெறும் வயிற்றோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். தனியாக வரக் கூச்சமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து வாருங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வரும் தன்னார்வலர்களில் பலர் உங்கள் குழுப் பெண்கள்தானே, அவர்களிடமும் கேளுங்கள்.

இன்னொன்று. கூட்டத்தில் டீக்கும் பிஸ்கட்டுக்கும் பதிலாகச் சுண்டல் வையுங்கள். செலவும் கட்டுப்படியாகும்.

கடன் முற்றுவதற்கு முன் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் நீங்கள். அந்தக் கணக்கை உங்கள் உடம்புக்கும் ஒருமுறை பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.