பட்லர் தீவின் கடன் கணக்கு



அமெரிக்காவின் தென்பகுதியில் ஜார்ஜியா மாநிலம். அங்கே அல்டமாஹா ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இருக்கிறது பட்லர் தீவு. ஒரு காலத்தில் முழுக்க நெல் வயல். கடல் பொங்கும் நேரத்தில் ஆற்று நீர் மேலேறும். மதகைத் திறந்து பாய்ச்சுவார்கள். கடல் உள்வாங்கும்போது அதே மதகு வழியாக வடிப்பார்கள். முழங்கால் சேற்றில் நின்று அந்தக் கரைகளைக் கட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். விளைச்சலில் வந்த பணத்தில் வாழ்ந்தவர் வடக்கே பிலடெல்பியாவில் இருந்த பியர்ஸ் பட்லர்.

பண்ணை அவருக்குத் தாத்தா வழிச் சொத்து. அதே பெயர் கொண்ட அந்தத் தாத்தா சாதாரண ஆள் இல்லை. 1787-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டவர். தப்பியோடும் அடிமையைப் பிடித்து உடையவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்ற விதியை அதில் சேர்க்க முன்னின்றவரும் அவர்தான்.

பேரன் மணந்தது ஃபேனி கெம்பிள் என்ற புகழ்பெற்ற ஆங்கில நாடக நடிகையை. 1838 டிசம்பரில் கணவரோடு முதன்முதலாகப் பண்ணைக்குப் போனார் அவர். அடிமைப் பெண்கள் அவரைத் தேடி வந்து கேட்டது பெரிய வரம் ஒன்றுமில்லை. பிள்ளை பெற்ற மூன்றாம் வாரமே வயலில் இறங்க வேண்டியிருக்கிறது, அதை ஒரு மாதமாக்கித் தரச் சொல்லுங்கள் அம்மா என்றார்கள். ஃபேனி கணவரிடம் சொன்னார். இன்னும் பலருடைய குறைகளையும் கொண்டுபோனார். கடைசியில், இவர்கள் சார்பாக இனி எதையும் என் காதில் போடாதே என்று கணவர் முடித்துவிட்டார். ஃபேனி எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1849-இல் விவாகரத்து ஆயிற்று.

பட்லர் சவுக்கைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர் இல்லை, நாகரிகமான கனவான். ஆனால் சூதாட்டமும் பங்குச் சந்தையும் சேர்ந்து அவரைக் கடனில் தள்ளின. எஜமான் நல்லவரா கெட்டவரா என்று கேட்பதில் எனக்கு அக்கறை இல்லை. கடன்காரர்கள் வாசலுக்கு வந்தால் விற்கக்கூடிய சொத்துகளில் மனிதர்களும் அடக்கம். அதற்குச் சட்டமே இடம் கொடுத்தது.

1859 மார்ச் 2, 3 தேதிகளில் சவானா நகரின் குதிரைப் பந்தய மைதானத்தில் ஏலம். பட்டியலில் 436 பேர். அவர்களை அடைத்து வைத்தது குதிரைக் கொட்டடிகளில். இரண்டு நாளும் விடாத மழை. நியூயார்க் பத்திரிகை நிருபர் மார்ட்டிமர் தாம்சன், வாங்க வந்தவர்போல் கையில் பென்சிலும் பட்டியலுமாக உள்ளே நுழைந்தார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்கள், கையை அமுக்கிப் பார்த்தார்கள் என்று எழுதுகிறார். டாஃப்னி என்ற பெண் சால்வையைப் போர்த்திக்கொண்டு மேடையில் நின்றாள். அவளை ஏன் மூடி வைத்திருக்கிறீர்கள் என்று கூட்டம் சத்தம் போட்டது. உள்ளே இருந்தது பிறந்து இரண்டு வாரமேயான குழந்தை. அவள், தச்சனான கணவன் பிரைமஸ், மூன்று வயது மகள், கைக்குழந்தை, நால்வருக்கும் தலைக்கு 625 டாலர். பச்சைக் குழந்தைக்கும் அதே விலை!

குடும்பத்தைப் பிரிக்க மாட்டோம் என்பது ஏலக்காரர்கள் கொடுத்த வாக்கு. கல்யாணம் ஆகாத காதலர்கள் அதில் அடங்குவார்களா? ஜெஃப்ரி என்ற இளைஞன் முதலில் விலைபோனான். தன் டோர்காஸையும் வாங்கிக்கொள்ளும்படி புது எஜமானிடம் கெஞ்சினான். அவரும் இணங்கினார். மறுநாள்தான் தெரிந்தது, அவள் நான்கு பேர் அடங்கிய குடும்பத்தில் ஒருத்தி, தனியாகத் தரமாட்டார்கள் என்று. நால்வரை வாங்க அவருக்கு மனமில்லை. வேறொருவர் வாங்கிப் போனார்.

மொத்த வரவு 3,03,850 டாலர். ஏலம் முடிந்ததும் பட்லர், விற்கப்பட்ட ஒவ்வொருவர் கையிலும் புத்தம்புதுக் கால் டாலர் நாணயங்களாக ஒரு டாலர் கொடுத்தார். பெருந்தன்மையாம்!

உள்நாட்டுப் போர் நடந்தபோது, 1863-இல், ஃபேனியின் நாட்குறிப்பு நூலாக வெளிவந்தது. போர் முடிந்து, அடிமைகள் விடுதலையான பின், 1866-இல் பட்லரும் இளைய மகள் ஃபிரான்சஸும் தீவுக்குப் போனார்கள். விற்கப்பட்டவர்களில் சிலரும் திரும்பி வந்திருந்தார்கள். அடுத்த வருடமே பட்லர் இறந்தார். பண்ணையை ஏற்று நடத்திய ஃபிரான்சஸ் பின்னாளில் எழுதிய நூலில் சலித்துக்கொள்கிறார்: விடுதலையானவர்கள் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஒவ்வொருவராக அறைக்குள் வந்தார்களாம், ஆளுக்கொரு நிபந்தனை சொல்லி வாதாடினார்களாம், ஆறு மணி நேரம் எழுந்திருக்கவே முடியவில்லையாம்.