பானையின் கருந்திட்டு



தைப்பொங்கல் நெருங்கும்போது கொழும்புப் புறக்கோட்டையில் மண்பானை வாங்குவோரைப் பார்த்திருப்பீர்கள். பானையைச் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தாலும், வயிற்றில் ஒரு கருந்திட்டைக் கண்டால் திருப்பி வைத்துவிடுவார்கள். நானும் அப்படி வைத்தவன்தான். இன்று அந்தத் திட்டுக்காகப் பேச வந்திருக்கிறேன்.

களிமண்ணில் இரும்பு கலந்திருக்கிறது. சூளையில் காற்றோட்டம் இருந்தால் அந்த இரும்பு மண்ணைச் சிவக்க வைக்கும். காற்றை அடைத்துப் புகையைத் தேக்கினால் மண் கறுக்கும்; அந்தக் கருந்திட்டும் அப்படி வருவதுதான். ஏதென்ஸ் குயவர்கள் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் இந்த நெருப்பின் குணத்தைக் கொண்டே ஓவியம் தீட்டினார்கள். களிமண்ணை மிக நுண்மையாக வடித்தெடுத்த குழம்பால் உருவம் எழுதி, கூரிய முனையால் கண்ணையும் முடியையும் ஆடை மடிப்பையும் கீறினார்கள். முதலில் காற்றோடு சுட்டார்கள். பிறகு காற்றை அடைக்க, பானை முழுதும் கறுத்தது. மீண்டும் காற்றை விட்டபோது பானையின் உடல் சிவந்தது. குழம்பு பூசிய இடம் மட்டும் சூட்டில் இறுகிப்போயிருந்ததால் காற்று உட்புகவில்லை. உருவம் கறுப்பாகவே நின்றது.

இந்தக் கலையின் உச்சம் எக்சேக்கியாஸ் என்ற ஏதென்ஸ் குயவர் வரைந்த சாடி. இன்று வத்திக்கானில் இருக்கிறது. கிரேக்கக் காவிய வீரர்களான அக்கிலீசும் ஏயாசும் போர்க்கோலத்தில் குனிந்து காய் உருட்டுகிறார்கள். அவர்கள் தோளில் சாய்ந்த ஈட்டிகள் நம் கண்ணை ஆட்டப் பலகைக்கே இழுத்து வருகின்றன. ஒருவர் வாயருகே ‘நான்கு’, மற்றவர் வாயருகே ‘மூன்று’ என்று எழுதியிருக்கிறது. இருவருமே தாம் ஈடுபட்டிருக்கும் போர் முடியுமுன் மாளப் போகிறவர்கள். அதை அறிந்து பார்க்கும்போது அந்த அமைதி நெஞ்சை அழுத்துகிறது.

நம்மிடம் என்ன இருந்தது? 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது, ஈமக்குழியில் எலும்புக்கூட்டோடு கறுப்பு-சிவப்புக் கலங்களும் கிடைத்தன. உள்ளும் விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு. புத்தளம் பொம்பரிப்பிலும் தமிழகத்துக் கீழடியிலும் இதே வகைதான். கலத்தை வாய் கவிழ்த்துச் சுட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. காற்றுப் படாத உட்புறம் கறுத்தது, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது.

கதை சொல்வதில் கிரேக்கக் கலத்துக்கு இது நிகரில்லை. தமிழகத்து ஆதிச்சநல்லூரில் பெண்ணும் மானும் முதலையும் புடைப்பாக ஒட்டிய பானை கிடைத்தது உண்மை. ஆனால் அது அபூர்வம். நெருப்பை அறிந்த கையில் மட்டும் நம் குயவர் ஒரு படியும் குறைந்தவரல்லர். கறுப்பும் சிவப்பும் கலக்கும் அந்த எல்லையைத் தூரிகை தொடவில்லை. அதை நெருப்பே வரைந்தது. எனக்கு அது பேரழகு.

வரும் பொங்கலுக்குப் பானை எடுக்கும்போது சுண்டிப் பாருங்கள். ஒலி நன்றாயிருந்தால், கருந்திட்டுக்காக அதைத் திருப்பி வைக்காதீர்கள்.