பகைவன் என்றலும் தீயவன் என்றலும்



வண்டியின் இரண்டு உருளைகளையும் ஒருங்கே பூட்டி நிற்பது அச்சு. 1936-ஆம் ஆண்டு மிலான் நகரில் பேசிய முசோலினி, உரோமையும் பெர்லினையும் இணைக்கும் கோட்டை அச்சு என்றான். உலகப் போரில் அவ்வணியினர் 'அச்சு நாடுகள்' என்றே தமிழிலும் வழங்கப்பெற்றனர். அவர்கள் உடன்படிக்கையால் மெய்யாகவே பூட்டப்பட்டவர்கள். ஆகலின் பெயர் பொருந்திற்று.

2002 சனவரி 29 அன்று, அமெரிக்கப் பேராயத்தின் முன் நின்ற குடியரசுத் தலைவர் சார்ச்சு புசு, ஈரான், ஈராக்கு, வடகொரியா என்னும் மூன்று நாடுகளையும் சுட்டித் 'தீமையின் அச்சு' என்றார். உரையெழுதுவோர் முதலில் வரைந்தது 'வெறுப்பின் அச்சு' என்பதே. பின்னரே அது 'தீமை' ஆயிற்று. ஈரானும் ஈராக்குமோ 1980 முதல் 1988 வரை எட்டாண்டு ஒன்றையொன்று கொன்று குவித்தவை. வடகொரியா ஈரானுக்குப் படைக்கலம் விற்றதுண்டு. விற்றவனும் வாங்கியவனும் ஓர் அச்சு ஆவரெனின், உலகில் அச்சுகளுக்குக் குறைவேயில்லை!

அச்சு என்ற பிழையினும் பெரும்பிழை தீமை என்றது. பகை என்பது இருவரிடையே நிற்கும் நிலையின் பெயர், அந்நிலை மாறும். தீமை என்பதோ ஒருவரது இயல்பின் பெயர். பகைவனோடு அமர்ந்து பேசலாம். தீமையோடு பேசப் புகும் தலைவன் தன் மக்கள் முன்னரே தலைகுனிய நேரும். 'பகைத்திறந் தெரிதல்' என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், துணையின்றி இருபகைக்கு நடுவே நிற்பவன் அவற்றுள் ஒன்றை இனிய துணையாக்கிக் கொள்க என்று அறிவுறுத்துகின்றார்.

அத்தகைய வாய்ப்பு அன்று அமெரிக்காவின் கையிலேயே இருந்தது. தாலிபான்கள் ஈரானுக்கும் பகைவரே. 1998-இல் மசாரி சரீபு நகரில் ஈரானியத் தூதரகத்தார் கொல்லப்பட்டபோது, போர் மூளும் நிலையே தோன்றிற்று. 2001 திசம்பரில் செருமனியின் பான் நகரில் ஆப்கானித்தானுக்குப் புதிய ஆட்சி அமைக்கக் கூடியபோது, அமைச்சுப் பதவிகளைப் பங்கிடுவதில் இழுபறி நேர்ந்தது. விட்டுக்கொடுக்குமாறு வடக்குக் கூட்டணியாரை இணங்கச் செய்தவர் ஈரானின் தூதர் சவாது சரீபு. இதனைப் பின்னர் எடுத்துரைத்தவர் அமெரிக்காவின் சார்பில் அங்கிருந்த தாபின்சு என்பாரே. இரண்டு திங்கள் நிரம்புமுன் வந்தது 'தீமை' என்னும் பட்டம்! நாகரிகங்களுக்கிடையே உரையாடல் வேண்டும் என்று உலகமன்றத்தில் எடுத்துரைத்த கத்தாமி அன்று ஈரானின் தலைவர். அமெரிக்காவை நம்பலாகாது என்ற அவருடைய எதிராளிகளுக்கு, அவ்வோர் உரையே போதிய சான்றாயிற்று.

எல்லாவற்றையும் சொல் ஒன்றே செய்ததென்பது மிகை. வடகொரியாவின் மறைமுக அணுவேலை அதற்கு முன்னரே தொடங்கியது. ஆயினும் 1994-ஆம் ஆண்டின் உடன்படிக்கை 2002-இன் இறுதியில் முறிந்தபோது, அதனை ஒட்டவைக்க முனைவோர் வாசிங்டனில் வலுவிழந்து நின்றனர். தீமையோடு உடன்படிக்கை ஏது? ஈராக்கில் உலகமன்ற ஆய்வாளர் தேடி முடிக்குமுன்னரே, 2003 மார்ச்சில் படை புகுந்தது. பேரழிவுப் படைக்கலங்கள் கிட்டவில்லை.

இத்தகைய சொல்லை முன்பும் ஒரு தலைவர் ஆண்டதுண்டு. 1983 மார்ச்சு 8 அன்று ஆர்லாண்டோ நகரில், கிறித்தவச் சமயத்தார் கூட்டத்தில், சோவியத்து ஒன்றியத்தைத் 'தீய பேரரசு' என்றார் இரீகன். சமயமேடைக்கு ஏற்ற சொல்தான். ஆட்சிமேடைக்கு ஏலாது என்பதை அவரே உணர்ந்தார் போலும். அடுத்த சனவரியிலேயே இருநாட்டுப் பொதுநலன்களைப் பேசலானார். 1987 திசம்பரில் கோர்பச்சேவுடன் ஏவுகணை ஒழிப்பு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டார். 1988 மே 31 அன்று கிரெம்ளின் வளாகத்தில், இன்னும் இது தீய பேரரசுதானா என்று செய்தியாளர் வினவ, இல்லை, அது வேறு காலம் என்று விடையிறுத்தார்.

புசுவோ 2008 அக்டோபரில், வன்முறையாளர்க்குத் துணைபோகும் நாடுகளின் பட்டியலினின்று வடகொரியாவை நீக்கினார். அந்நாடு தன் முதல் அணுக்குண்டை வெடித்துப் பார்த்து அப்போது ஈராண்டு ஆகியிருந்தது.