எல்லை கடந்த நகைச்சுவை



சிங்கப்பூர்த் தொலைக்காட்சியில் 1997 முதல் 2007 வரை ஒளிபரப்பான ‘புவா சூ காங் பிரைவேட் லிமிடெட்’ என்னும் ஆங்கில நகைச்சுவைத் தொடரை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். சுருட்டை முடி, முகத்தில் பெரிய மச்சம், மஞ்சள் நிற பூட்ஸ். வீடு புதுப்பிக்கும் சீனக் குத்தகைக்காரராக அதில் நடித்தவர் குர்மிட் சிங். அதன் கிளைத்தொடர் 2009இல் மலேசியாவின் என்டிவி7 அலைவரிசையில் தோன்றியது. நாயகர் கோலாலம்பூருக்கு வந்துவிட்டார். தலைப்பும் ‘புவா சூ காங் செண்டிரியான் பெர்ஹாட்’ ஆயிற்று. தனியார் நிறுவனம் என்பதைக் குறிக்கும் ஆங்கில ஒட்டுக்கு மாற்றாக மலாய் ஒட்டு, அவ்வளவே வேறுபாடு. தாய்த்தொடர் பத்தாண்டுகள் நிலைத்தது. கிளைத்தொடரோ விரைவில் ஓய்ந்தது.

வணிகக் காரணங்கள் பல இருக்கலாம். அவை நம் துறைக்கு அப்பாற்பட்டவை. மொழி சார்ந்த காரணம் ஒன்றும் உண்டென்பது நம் கணிப்பு.

தாய்த்தொடரில் புவா சூ காங் பேசியது சிங்லிஷ். அவருடைய தம்பி மனைவி மார்கரெட் பேசியதோ மெருகேற்றிய ஆங்கிலம். சிரிப்பு பிறந்தது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில். அவ்வெளி எத்துணைக் கூர்மையானது என்பதை 1999ஆம் ஆண்டு தேசிய நாள் பேரணி உரை காட்டிற்று. பிரதமர் கோ சோக் டோங் அவ்வுரையில் இக்கற்பனைப் பாத்திரத்தின் பெயரையே சுட்டி, அதன் ஆங்கிலம் மேம்படவேண்டும் என்றார். மறு ஆண்டே ‘நல்ல ஆங்கிலம் பேசுவோம்’ இயக்கம் தொடங்கியது. கதைமாந்தர் ஒருவருக்கு நாட்டின் தலைவரே இலக்கணம் திருத்த முனைந்தது மொழி வரலாற்றில் அரிய நிகழ்ச்சிதான்!

மலேசியாவில் நிலைமை வேறு. இங்குத் தேசிய மொழி மலாய். 1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. ஆங்கிலத்தைப் பிழையாகப் பேசுவது நாட்டுச் சிக்கலாகக் கருதப்படுவதில்லை. கலந்து பேசுவதே இயல்பு. நெறியின் பிடி இறுகிய இடத்தில்தான் நெறிபிறழ்ந்த பேச்சு வேடிக்கையாகும். பிடி தளர்ந்த இடத்தில் அது வெறும் பேச்சு.

அவருடைய புகழ்பெற்ற எச்சரிக்கையையே எடுத்துக்கொள்வோம். ‘டோன்ட் ப்ளே ப்ளே’ என்பதை லகர ரகர மயக்கத்தோடு ‘ப்ரே ப்ரே’ என்பார். ஆங்கில இலக்கணத்துக்கு இது பிழை. ஆனால் ‘ஜாங்ஙான் மாயின்-மாயின்’ என்னும் மலாய்த் தொடரோடு ஒப்பிடுங்கள். சொல்லுக்குச் சொல் பொருந்தும். ‘மாயின்’ என்றால் விளையாடு. இரட்டித்தால் பொறுப்பின்றி நடந்துகொள்வது. இதனை அடுக்குத்தொடர் என்பதா, இரட்டைக்கிளவி என்பதா? பிரித்தால் பொருள் தருகிறது. ஆனால் அது இரட்டித்த வடிவின் பொருளன்று. மாணவர்கள் வகுப்பில் வாதிட நல்ல வினா. கோலாலம்பூருக்கு வந்தபோது இத்தொடர் தன் பிறந்தகத்துக்குத் திரும்பிய பெண்போல் ஆயிற்று. பிறந்தகத்தில் யார் அவளை வியந்து பார்ப்பார்?

அவர் வாயில் ஓயாது ஒலிக்கும் ‘லா’வும் அப்படியே. அது இங்குள்ள தமிழர் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. ‘வாப்பா’ என்பதில் ‘ப்பா’ ஆற்றும் பணியை ‘வா லா’வில் ‘லா’ ஆற்றுகிறது. தனிப்பொருள் இல்லை, பேசுவோரின் மனநிலை உண்டு. இத்தகைய சொற்கள் இலக்கண ஆய்வுக்கு உரியனவல்ல என்று தொல்காப்பியர் ஒதுக்கவில்லை. இடையியல் என ஓர் இயலையே வகுத்தார்.

அன்று பிரதமர் கையில் எடுத்த திருத்துகோல் நாள்தோறும் நம் கையிலும் இருக்கிறது. லுக்குட், சிலியாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த தலைமுறைக்குப் பால்மரம் ‘கித்தா மரம்’. மலாய்க் ‘கெத்தா’ தமிழில் கித்தாவானது. தமிழ்க் ‘கடை’ மலாயில் ‘கெடாய்’ ஆனது. கொடுக்கலும் வாங்கலும் ஒரே எல்லையில் நிகழ்ந்தவை. மாணவர் கட்டுரையில் ‘கித்தா’ என எழுதினால், சிவப்பு மையால் அடித்து ‘இரப்பர்’ என்று மேலே எழுதுகிறோம். நாமும் பல்லாண்டுகள் அப்படித் திருத்தியவர்களே. ‘இரப்பர்’ எந்த மொழிச் சொல் என்று அம்மாணவருள் ஒருவரும் நம்மைக் கேட்டதில்லை.