ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வராதே!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உடற்பயிற்சியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் கேட்டார். நான் பேசப் போவதோ உடற்பயிற்சி செய்யாத நாளைப் பற்றி. சோம்பேறிகள் யாரும் அவசரப்பட்டுக் கை தட்ட வேண்டாம். முழுவதும் கேட்டுவிட்டுத் தட்டுங்கள்!

என் காலத்து விடுதி மாணவர்களுக்கு மாஸ்டரின் விசில் சத்தம் இன்னும் காதில் இருக்கும். நான் 1500 மீட்டரும் 4 x 400 தொடர் ஓட்டமும் ஓடுகிறவன். வாரத்தில் ஆறு நாள் எங்களைப் பிழிந்தெடுப்பார். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் குரல் மாறும். "நாளைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளி, நல்லாச் சாப்பிடு, தூங்கு. ஞாயித்துக்கிழமை மைதானத்துப் பக்கம் உன் தலையைப் பார்த்தேன்னா, திங்கட்கிழமை நீ டீமிலே இருக்க மாட்டே!" என்பார்.

எனக்கு அது விளங்கவே இல்லை. ஆறு நாள் ஓடினால் இவ்வளவு வேகம் என்றால், ஏழு நாள் ஓடினால் இன்னும் வேகம்தானே? நான் கணிதத் துறை மாணவன் அல்லவா! பல்கலைக்கழகப் போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஞாயிறு விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் ரயில்வே கேட் வரை தார்ச்சாலையில் ஓட ஆரம்பித்தேன். அறைத் தோழனிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லி வைத்திருந்தேன்.

முதல் மூன்று வாரம் வேகம் கூடியதுபோல இருந்தது. அப்புறம் குறையத் தொடங்கியது. தூக்கம் கெட்டது. சாப்பாடு இறங்கவில்லை. எதற்கெடுத்தாலும் எரிச்சல். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் ஓர் இடத்தில் விரலை வைத்தால் உயிர் போகிற வலி. நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் கூடுதலாக ஓடினேன். போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, நொண்டிக்கொண்டு வந்த என்னை மாஸ்டர் டாக்டரிடம் அழைத்துப் போனார். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் ஓடக் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து எடுத்த படத்தில் முடி போல ஒரு கோடு. எலும்பில் விரிசல்.

தொடர் ஓட்டத்தில் என் இடத்தில் ஓடியது நீளம் தாண்டுகிற ஒரு பையன். நம் கல்லூரி நாலாவதாக வந்தது. மூன்று ஆண்டு உழைத்த என் மூன்று நண்பர்களுக்கும் பதக்கம் இல்லை. "பையனை அளவுக்கு மீறி ஓட விட்டுவிட்டார்" என்று ஊரே மாஸ்டரைக் குறை சொன்னது. அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "நான் கொடுத்த பயிற்சியிலே எங்கேயோ தப்பு பண்ணிட்டேன் போலிருக்குப்பா" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

சார், உங்கள் பயிற்சியில் தப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் நான் ஓடினேன். இத்தனை வருஷம் கழித்து இந்த மேடையில் சொல்கிறேன். என்னை மன்னிக்க வேண்டும். என் மூன்று தோழர்களும் மன்னிக்க வேண்டும்.

சரி, என் கணக்கு எங்கே தப்பியது? பயிற்சி செய்யும்போது உடம்பு பலம் பெறுகிறது என்று நினைத்தேன். உண்மையில் பயிற்சியின்போது உடம்பு தேய்கிறது; அதற்குப் பிறகு வரும் ஓய்வில்தான் முன்னைவிடப் பலமாகத் தன்னைக் கட்டிக்கொள்கிறது. கனமான பளு தூக்கிய தசையில் புதுப் புரதம் சேரும் வேலை ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை நடக்கும். நீண்ட ஓட்டத்தில் தீர்ந்துபோன கிளைகோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரை, நன்றாகச் சாப்பிட்டாலும் திரும்ப நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். எலும்போ இன்னும் நிதானம். பழுதான பகுதியை அரித்தெடுக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். அந்தக் குழியில் புது எலும்பு நிரம்பிக் கெட்டிப்பட மாதக்கணக்காகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு வழக்கத்தைவிட வலுக் குறைந்துதான் இருக்கும். அந்த நேரம் பார்த்து நான் தார்ச்சாலையில் தடதடவென்று ஓடியிருக்கிறேன்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை 1855லேயே பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர் எழுதி வைத்தார். எக்ஸ்ரே வந்த பிறகு அது எலும்பு விரிசல் என்று தெரிந்தது. நம் உழவர்களுக்கும் ஓய்வின் அருமை தெரியும். உழுத மண்ணை நன்றாகக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் இல்லாமல் பயிர் செழிக்கும் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார். உழுதுகொண்டே இருந்தால் எப்போது விதைப்பது?

ஓட்டக்காரத் தம்பிகளுக்கு ஒரு செய்தி. ஒரு மைலை நாலு நிமிஷத்துக்குள் முதலில் ஓடிய ரோஜர் பானிஸ்டர் ஒரு மருத்துவ மாணவர். 1954ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவரும் நண்பர்களும் 440 கஜத்தைப் பத்து முறை, இடையிடையே இரண்டு நிமிஷம் விட்டு ஓடிப் பழகினார்கள். ஒவ்வொரு சுற்றும் 61 விநாடியில் வந்து நின்றுவிட்டது. 60ஐத் தொட முடியவில்லை. பானிஸ்டர் என்ன செய்தார்? நண்பர் பிராஷருடன் ஸ்காட்லாந்துக்குப் போய்ச் சில நாள் மலையேறினார். ஓட்டத்தை அடியோடு மறந்தார். திரும்பி வந்து ஓடினால் 59 விநாடி! போட்டிக்கு முந்தைய ஐந்து நாளும் அவர் பயிற்சியே செய்யவில்லை. மே 6ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் 3 நிமிஷம் 59.4 விநாடி.

இப்போது நமக்கு வருவோம். ஜிம்முக்குப் போகும் தம்பிகளே, இன்று வேலை வாங்கிய தசைக்கு நாளை வேலை கொடுக்காதீர்கள். சுமார் 48 மணி நேரம் விடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. காலையில் எழுந்திருக்கும் முன் படுத்தபடியே நாடியை எண்ணிப் பழகுங்கள். சில நாள் தொடர்ந்து வழக்கத்தைவிட ஏறியிருந்தால், தூக்கமும் கெட்டிருந்தால், உடம்பு விடுமுறை விண்ணப்பம் கொடுக்கிறது என்று பொருள். கையெழுத்துப் போட்டுவிடுங்கள்! எலும்பில் ஒரே இடத்தில் வலித்தால் ஓடிப் பார்க்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

என் வயதுத் தோழர்களே, உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சியும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும். வாரக் கணக்குத்தான், ஒரு நாள் விட்டுப்போனதே என்று மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். வயதாக ஆக உடம்பு தேற நேரம் கூடுதலாக வேண்டும். ஆனால் ஓய்வு நாள் என்றால் கட்டிலை விட்டு இறங்காத நாள் அல்ல. மெதுவாகக் காலாற நடக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்கக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு நாள் ஓய்வு மருந்து. ஒரு மாத ஓய்வு நோய்!

ஓய்வு பயிற்சிக்கு எதிரி இல்லை, அது பயிற்சியின் ஏழாவது நாள். இதை மாஸ்டர் அன்றே சொன்னார். எனக்குப் புரிய ஓர் எலும்பும், என் நண்பர்களின் மூன்று பதக்கங்களும் செலவாயின. உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. மைதானத்துப் பக்கம் யார் தலையும் தெரியக் கூடாது. மாஸ்டர் ஊரில்தான் இருக்கிறார்!