குரும்பட்டித் தேர்

தை மாதத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வானத்தை அண்ணாந்து பார்ப்போர்க்குப் பட்டங்கள் தோன்றும். இருட்டிய பின்னரோ விண்ணின் கூவல் மட்டும் காதில் விழும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடைபெறும் பட்டப் போட்டியைக் காண மக்கள் திரள்வர். அங்கே பறப்பவை விந்தைப் பட்டங்கள். ஆயினும் அவற்றினும் நோக்கத்தக்கது, வீட்டு முற்றத்தில் தந்தையும் பிள்ளையும் கூடிக் கட்டும் எளிய பட்டமே. தந்தை மூங்கிலைச் சீவுகிறார். பிள்ளை சோற்றுப் பசை தடவுகிறது. முச்சை பிழைத்தால் பட்டம் தலைகீழாகக் குத்தும். ஐயாவுக்கும் தவறு நேரும் என்று கண்டு பிள்ளை சிரிக்கிறது. கடையில் வாங்கிய பட்டத்தில் இந்தச் சிரிப்புக் கிடையாது.

விளையாட்டு வீண்பொழுது என்னும் எண்ணம் தமிழர்க்குப் பழமையானதன்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சப்பாணி கொட்டுதலையும் சிறுதேர் உருட்டுதலையும் பருவங்களாகவே வகுத்தனர். 1953ஆம் ஆண்டு மறைந்த நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பத்திப் பாடல்களும் பாடியவர். எனினும் ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் சிறுவர்க்காகப் பாடியமையாலன்றோ அவர் தங்கத் தாத்தா ஆனார்!

இன்றைய பிள்ளையின் நாள் வேறு. பள்ளி விட்டதும் தனியார் வகுப்பு. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் சனி ஞாயிறும் ஓய்வில்லை. இதற்காகப் பெற்றோரைக் குறைகூறுவது எளிது, நியாயமன்று. போரினாலும் இடப்பெயர்வினாலும் வீட்டையும் காணியையும் இழந்த குடும்பங்கட்குக் கல்வியொன்றே எவராலும் பறிக்கவியலாத முதுசமாய் நின்றது. அந்த அச்சமே பிள்ளையை வகுப்பு வகுப்பாக இட்டுச் செல்கிறது.

ஆனால் அதே காலத்தின் மற்றொரு நினைவும் உண்டு. 1990ஆம் ஆண்டு மின்சாரம் நின்றபின், பல ஆண்டுகள் ஜாம் போத்தல் விளக்கின் சிறு சுடரைச் சுற்றியே குடும்பங்கள் அமர்ந்தன. சுவரில் விழுந்த கைந்நிழலை மானாகவும் நாயாகவும் காட்டிப் பிள்ளையின் அச்சத்தைத் தணித்த தாய்மார் பலர். அன்றைய பிள்ளைகளே இன்றைய பெற்றோர். அந்த இருளை மீண்டும் வேண்டுவார் இலர். அத்தாயின் கையில் விளையாட்டுச் சாமான் எதுவும் இருக்கவில்லை என்பதை மறப்பதும் ஆகாது.

நேரம் எங்கே என்பர். வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் மாறும் தந்தையின் பக்கத்தில், பூவரசம் இலையை வாய்க்காலில் ஓடவிட்டு அதன்பின் ஓடும் பிள்ளைக்குத் தனி நேரம் எதற்கு? இலை எந்தப் பாத்தியில் தங்கும் என்று தந்தை ஒரு பந்தயம் கட்டினாற் போதும். அடுப்படியில் கொழுக்கட்டை பிடிக்கும் தாய், ஓர் உருண்டை மாவைக் கொடுத்து யானை செய்யச் சொல்லலாம். அது பன்றிபோல் வந்தாலும் அவிக்கத்தான் வேண்டும். கொக்கான் ஆடும்போது வாய்ப்பாடு கேட்பவர் மட்டும் சற்று விலகியிருக்க வேண்டும். அவர் விளையாட்டையும் வகுப்பாக்கி விடுகிறார். ஒரு கையில் கைத்தொலைபேசியோடு ஆடுபவரைப் பிள்ளை விரைவில் கண்டுகொள்ளும்.

தென்னையடியில் உதிர்ந்த குரும்பட்டிகளையும் நாலு ஈர்க்கையும் கொண்டு தேர் கட்டும் வழக்கம் இன்னும் முற்றாக அற்றுவிடவில்லை. பெரியவர் கட்டினால் தேர் நிமிர்ந்து நிற்கும். பிள்ளை கட்டினால் ஒரு பக்கம் சாயும். சாய்ந்த தேரை நிமிர்த்தக் கை துறுதுறுக்கும். அதனை அடக்கிக்கொண்டு, தேர் கிணற்றடிக்குப் போகிறதா, படலைக்குப் போகிறதா என்று பிள்ளையையே கேட்டு, அது சொல்லும் திசையில் வடம் பிடிக்கலாம்.